அரைக் குளிசையும் உன் இதயமும்

தம்பி,

போன ஞாயிறு பின்னேரம் நீ என்னோடு கதைத்தபோது அங்கே உனக்குக் காலை. குசினியில் நின்றபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தாய். இரவு வேலை முடித்து வந்தவனின் முகம் சோர்ந்து கிடக்கும் என்று நினைத்துத்தான் அழைப்பை எடுத்தேன். நீயோ பளிச்சென்று நின்றாய். ஒரு கதையை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவினாய். "இன்னும் படுக்கேல்லையோ?" என்று கேட்டேன். "இல்லையம்மா, வந்த கையோடை சோதினைக்குப் படிக்க இருந்திட்டன். கூட இருக்கிற பெடியன்ரை குளிசையிலை அரைவாசி போட்டனான். நித்திரையே தெரியாது. மண்டை துடைச்சு வைச்ச மாதிரி இருக்கும்" என்றாய். நெஞ்சு எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாய். "கொஞ்ச நேரம் படபடக்கும், பிறகு சரியாப் போயிடும். ஊரிலை கதைக்கிற ஐஸ் போதைத்தூள் கீதூள் இல்லையம்மா இது. மருந்து. அவனுக்கு டொக்டர் எழுதிக் குடுத்தது." சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். பசிக்கவில்லை என்றாய்.

நேரில் என்றால் உன் கையைப் பிடித்து இருத்திச் சொல்லியிருப்பேன். அழைப்பில் சொல்ல ஆரம்பித்தால் "ஓமம்மா, ஓமம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உன்னைப் போல வெளிநாட்டில் கண்விழித்து உழைக்கிற பிள்ளைகளும், என்னைப் போல இங்கே தனியே இருந்து அவர்களின் முகத்தைத் திரையில் பார்க்கிற தாய்மாரும் ஒன்றிரண்டு பேரல்ல. உன் பெயரை நான் எங்கும் எழுதப்போவதில்லை. நம் வீட்டில் குடியிருந்த ஒருவனைப் பற்றியும் எழுதப்போகிறேன். அவனை அன்ரன் என்றும், அவன் மனைவியை ஜெசிந்தா என்றும் வைத்துக்கொள். ஜெசிந்தாவைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ ரீச்சர், பேரை மட்டும் மாத்திப்போடுங்கோ" என்றாள்.

அன்ரனுக்கு நெஞ்சு வருத்தம் வந்ததென்றும், பிறகு அவர்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்றும் உனக்குச் சொல்லியிருந்தேன். மீதியைச் சொல்லவில்லை. அது அவன் மானம் என்று நினைத்து அடக்கிவைத்திருந்தேன். இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ போய் முதல் வருடம் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியேதான் இருந்தேன். நம் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் முக்கால்வாசி பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பது உனக்குத் தெரியும். எனக்கு மாணவர்களை வைக்க விருப்பமில்லை. விடுமுறை வந்தால் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், மறுபடி வீடு வெறுமையாகிவிடும். அந்த நேரத்தில்தான் குருநகரைச் சேர்ந்த அன்ரனும் ஜெசிந்தாவும் வீடு தேடி வந்தார்கள். அவன் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பஸ் ஓட்டுகிறவன். பகலில் நித்திரை கொள்ள அமைதியான இடம் வேண்டும் என்றான். உன் அறையையும் அதற்குப் பக்கத்து அறையையும் அவர்களுக்கு விட்டேன்.

அவர்கள் வந்த பிறகு வீட்டில் சத்தம் வந்தது. காலையில் அவன் கேற்றைத் திறக்கிற சத்தம், ஜெசிந்தா தேங்காய் துருவுகிற சத்தம், குளியலறையில் வாளி நிறைகிற சத்தம். என் தண்ணீர் மோட்டர் நின்றால் அவன்தான் கழற்றிப் பூட்டுவான். கொழும்பிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு இறாத்தல் பாணோ நல்ல மங்குஸ்தானோ கொண்டுவருவான். "ரீச்சர், உங்கடை மகன் வந்தால் என்னைக் கலைச்சுப்போடுவியளோ?" என்று பகிடி விடுவான். நான் சிரித்துக்கொண்டு, "அவன் வந்தால் நீ கூடத்திலை படு" என்பேன்.

பிறகு மெல்ல மெல்ல அவன் மாறினான். பகலில் படுப்பதைக் குறைத்தான். ஒரு நாள் முழுவதும் கிணற்றடியை உரஞ்சிக் கழுவினான். இன்னொரு நாள், யாரும் கேட்காமலே பின்வேலித் தகரம் முழுவதையும் கழற்றி மறுபடி அடித்தான். ஓயாமல் கதைத்தான். கன்னம் ஒட்டிப்போனது. தாடையைக் கடித்துக்கொண்டே இருப்பான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவான். கை நடுங்கும். நான் இரசாயனம் படிப்பித்தவள், ஆனாலும் அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என்ன சுறுசுறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். வீட்டில் ஓர் ஆள் நடமாடினாலே போதும் என்றிருந்த மனசு, அந்த நடமாட்டத்துக்குக் காரணம் தேடவில்லை.

ஒரு முற்பகல் அவன் கொழும்பிலிருந்து வந்து குளிக்கப் போனான். ஜெசிந்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். வாளி விழுந்து உருண்டது. போய்ப் பார்த்தால் தொட்டிக் கட்டோடு சாய்ந்திருக்கிறான். முகம் சாம்பல் நிறம். குளித்த தண்ணீரா வியர்வையா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி உடம்பு முழுக்க நனைந்திருந்தது. "ரீச்சர், நெஞ்சுக்கு மேலை ஆரோ ஏறி நிக்கிற மாதிரிக் கிடக்கு. கை விறைக்குது" என்றான். எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது. உரும்பிராயில் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் மாரடைப்பு வந்து விழுந்து, உயிரோடு திரும்பாமல் போனாரே, அன்று அவர் முகமும் இதே நிறந்தான். ஜெசிந்தா ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் அவனைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த வைத்தியர் ஓர் இளம் பெண். உன் வயதுதான் இருக்கும். அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அண்ணை, இந்த வயசிலை உங்களுக்கு இப்பிடி வரக்கூடாது. ஏதாவது பாவிக்கிறனீங்களோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்குக் கேக்கேல்லை. மாரடைப்பெண்டு வழமையாக் குடுக்கிற சில மருந்துகள், உது உடம்பிலை இருந்தால் கெடுதலாப் போகலாம்."

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். "இல்லை டொக்டர். வெத்திலை கூடப் போடமாட்டன்."

வைத்தியர் மறுபடியும் கேட்டாள். அவன் மறுபடியும் இல்லை என்றான். அந்த வார்ட்டில் யன்னல் வெளிச்சம் நேரே அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு வெளிச்சத்திலும் அவன் கண்மணி சுருங்காமல் அகலத் திறந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். அதிரினலின் உடம்பில் பெருகினால் கண்மணி விரியும், இதயம் ஓடும், வியர்க்கும், பசி அடங்கும் என்று எத்தனை வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேன். வைத்தியர் அடுத்த கட்டிலுக்குப் போனதும், ஜெசிந்தாவை வெறுந்தேத்தண்ணி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். பிறகு அவன் கையைப் பிடித்தேன்.

"தம்பி, என்ன எடுத்தனி?"

அவன் முகட்டைப் பார்த்தான். "புத்தளம் தாண்டினால் கண் தன்ரை பாட்டிலை மூடுது ரீச்சர். பின்னுக்குத் திரும்பிப் பாத்தால் பஸ் நிறைஞ்ச சனம். குழந்தை குஞ்செல்லாம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. என்னை நம்பித்தானே நித்திரை கொள்ளுதுகள். கூட ஓடுற ஒருத்தன் சொன்னான், இதிலை கொஞ்சம் இழுத்தால் விடியும்வரை கண் மூடாதெண்டு. முதலிலை இரவு ஓட்டத்துக்கு மட்டுந்தான். பிறகு பகலிலையும் தேவைப்பட்டுது."

"ஐஸோ?"

ஓம் என்று தலையை ஆட்டினான். உடனே என் கையை இறுக்கிப் பிடித்தான். "அவளுக்குச் சொல்லாதேங்கோ. பஸ்காரருக்குத் தெரிஞ்சால் லைசன்சும் போகும். டொக்டருக்கும் வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன்."

"டொக்டருக்குச் சொல்லத்தான் போறன்" என்றேன்.

கையை உதறினான். "நீங்கள் என்ரை அம்மா இல்லை."

அது உண்மைதான். ஆனாலும் எழும்பிப் போய்ச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் ஜெசிந்தா தேத்தண்ணியோடு வந்து நின்றதை நான் காணவில்லை. அவள் அழவில்லை. நேரே அவன் கட்டிலுக்குப் போய்க் கோப்பையைச் சின்ன மேசையில் வைத்தாள். "உன்ரை கை நடுங்கிறதைப் பாத்துச் சீனி வருத்தமாக்குமெண்டு அந்தோனியாருக்கு நேத்தி வைச்சனான்" என்றாள். அவ்வளவுதான். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வைத்தியர் மருந்தை மாற்றினாள். முதலில் உடம்பின் கொதிப்பை அடக்குகிற மருந்தும், இரத்தக் குழாயை விரிக்கிற மருந்தும் கொடுத்தாள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டுப் போகவில்லை, இறுகிச் சுருங்கியிருக்கிறது என்று பிறகு விளங்கப்படுத்தினாள். நான் வெளியே கிடந்த நீள வாங்கில் போய் இருந்தேன். கையில் வேலை எதுவும் இல்லாததால் விரலால் மடியில் அந்த மூலக்கூறை வரைந்து பார்த்தேன். உனக்கும் அதை இப்போது சொல்லில் வரைகிறேன். நீ வர்த்தகம் படித்தவன். பயப்படாதே, சுகமாக விளங்கும்.

அதிரினலினுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு என்று வைத்துக்கொள். தலை, ஆறு காபன் சேர்ந்த பென்சீன் வளையம். வால், இரண்டு காபன் நீளம். வாலின் நுனியில் ஒரு நைதரசன், அதில் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த மெதைல் கூட்டம். வளையத்தில் இரண்டு இடத்திலும் வாலில் ஓரிடத்திலும் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டம் தொங்கும். இந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கும், கொழுப்புப் பிடிக்காது. நம் மூளையைச் சுற்றியிருக்கிற தடுப்போ கொழுப்பால் ஆனது. அதனால் இரத்தத்தில் ஓடுகிற அதிரினலின் மூளைக்குள் இலகுவில் நுழையாது. அதோடு, அதை உடைத்துப் போடுகிற நொதியங்கள் உடம்பில் எங்கும் உண்டு. நாய் துரத்தினால் நெஞ்சு அடிக்கிறது, சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது அல்லவா? அந்த அடக்கம் அப்படித்தான் வருகிறது.

இப்போது அந்த மூன்று ஐதரொட்சில் கூட்டத்தையும் நைதரசனில் இருக்கிற மெதைலையும் கழற்றிவிடு. மூலக்கூறு கொழுப்பில் கரையத் தொடங்கும், மூளைக்குள் தடையில்லாமல் போகும். நைதரசனுக்குப் பக்கத்துக் காபனில் ஒரு மெதைல் கூட்டத்தைக் கொழுவிவிடு. உடைக்க வருகிற நொதியத்துக்கு அது இடைஞ்சலாக நிற்கும். நிமிடங்களில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் நிற்கும். இதுதான் அம்பெற்றமைன். உன் நண்பனின் குளிசை பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும், அதன் பெட்டியை ஒருமுறை எடுத்துப் பார். இனி அந்த நைதரசனிலும் இன்னொரு மெதைல் கூட்டத்தைச் சேர். அது மெதம்பெற்றமைன். அன்ரன் இழுத்த ஐஸ். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு காபனும் இரண்டு ஐதரசனுந்தான். அந்தச் சின்னக் கூட்டத்தால் ஐஸ் மூளைக்குள் இன்னும் வேகமாகவும் கூடுதலாகவும் போகிறது, பிடியும் இறுகுகிறது. ஆனால் இதயத்திடம் இரண்டும் நடந்துகொள்கிற முறை ஒன்றுதான். இவை நரம்பு நுனிகளுக்குள் புகுந்து அங்கே சேமிப்பில் இருக்கிற தூதுப்பொருளையெல்லாம் வெளியே தள்ளிவிடும். தள்ளியதைத் திரும்ப எடுக்கவும் விடாது. இதயத்துக்கு நாய் துரத்துகிறது என்ற சேதி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், வேலை கூடும். அந்த வேலைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொண்டுவருகிற குழாயோ அதே சேதியால் சுருங்கும். கூட உழைக்கச் சொல்லிக்கொண்டே சோற்றைக் குறைத்தால் எந்தச் சீவன் தாங்கும்? துடிப்பின் ஒழுங்கு தப்பலாம். நாட்பட்டால் தசை இழைகள் செத்து, அந்த இடம் தழும்பாகி, இதயம் ஊதிப் பெருத்துத் தளர்ந்துவிடும்.

அன்ரனுக்கு அதுவும் தொடங்கியிருந்தது. ஸ்கான் செய்து பார்த்தபோது இதயம் பெருத்திருந்தது. இறைக்க வேண்டிய அளவுக்கு அது இறைக்கவில்லை. "அடியோடை விட்டால் கனபேருக்கு நல்லாத் திரும்பும். விடாட்டில் நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்று வைத்தியர் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. கேற்றடியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினால் கோப்பை கழுவித் திரும்பி வரும், ஒரு சொல்லும் கூட வராது. ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலால் வரும்போது ஒரு சின்ன லொறியில் அவர்களின் சாமான்கள் ஏறியிருந்தன. அவன் முன்னுக்கு ஏறி இருந்துவிட்டான். ஜெசிந்தா மட்டும் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அவருக்கு உங்கடை முகத்தைப் பாக்க ஏலாதாம் ரீச்சர். குறை நினையாதேங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு யாரையும் குடிவைக்கவில்லை. பின்னேரம் ஆனால் பலாலி வீதியில் பஸ் போகிற சத்தம் கேட்கும், மைதானத்தில் பெடியள் கத்துகிற சத்தம் கேட்கும். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. சில மத்தியானங்களில் உன் அறைக்குப் போய் விசிறியைப் போட்டுவிட்டு வந்து என் அறையில் படுப்பேன். மறுபக்கத்தில் யாரோ நித்திரை கொள்கிற மாதிரி இருக்கும். விசர் என்று நீ சொல்லுவாய். பரவாயில்லை.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் நீயும் அப்படித்தான் மத்தியானம் புத்தகத்தின்மேல் தலைவைத்து உறங்கிப்போவாய். நான் தட்டி எழுப்ப வருவேன். உன் அப்பா வாசலில் நின்று கையைக் காட்டி மறிப்பார். "படிச்சது காணும். பிள்ளை நித்திரை கொள்ளட்டும்" என்பார். அப்போது எனக்குக் கோபம் வரும். இப்போது நீ நித்திரையைத் துரத்துவதற்கு மருந்து போடுகிறாய் என்று கேட்டபோது, அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அவர் கத்தத் தெரியாத மனுசன். உன் அறை வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றிருப்பார்.

அந்தக் குளிசையே பாழ் என்று நான் சொல்லவில்லை. கவனம் ஓரிடத்தில் நில்லாமல் அவதிப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. உன் நண்பனை ஒரு வைத்தியர் இருத்திக் கேள்வி கேட்டிருப்பார். அழுத்தம் அளந்திருப்பார், குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சு வருத்தம் உண்டா என்று விசாரித்து, அளவு குறித்துக் கொடுத்து, பிறகும் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். உன் இதயத்தை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அது உன் அப்பாவின் வழியில் வந்த இதயம். அதற்கு மேல் நீ கோப்பி குடிக்கிறாய், வேலையிடத்தில் சக்திப் பானமும் குடிப்பாய். அவை வேறு வடிவம், வேறு வழி. ஆனாலும் எல்லாம் வந்து ஏறுவது ஒரே இதயத்தில்தான். சளி தடிமனுக்குக் கடையில் வாங்குகிற சில குளிசையும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். அதையும் இதோடு சேர்த்து விழுங்கிவிடாதே.

இனிமேல் அந்தக் குளிசையைத் தொடாதே. ஒரு வைத்தியரிடம் போ. ஈசிஜி எடு. அப்பா எப்படிப் போனார் என்று சொல். எதைப் போட்டாய், எவ்வளவு நாளாகப் போட்டாய் என்று ஒளிக்காமல் சொல். நெஞ்சு நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ வேலை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடு. அங்கேயும் உண்மையைச் சொல். உன்னிடமிருந்து உண்மையைக் கேட்டு வாங்கப் உன் கட்டிலடியில் நான் நிற்கமாட்டேன். அதுதான் எனக்குள்ள பெரிய பயம்.

"சோதினை பாஸ் பண்ணினால்தானே அம்மா உங்களைக் கெதியா இஞ்சை கூப்பிட்டு எடுக்கலாம்" என்று எப்போதும் சொல்லுகிறாய். நான் தனியேதான் இருக்கிறேன், அதை உனக்கு மறைக்க மாட்டேன். ஆனால் இந்தத் தனிமை எனக்குப் பழகிவிட்டது. எழுந்து, சமைத்து, செடிக்குத் தண்ணீர் விட்டு, உன் அழைப்பு வருகிற நேரத்தை எதிர்பார்த்து இருக்க எனக்கு முடியும். நீ இல்லாத ஓர் உலகத்தில் இருக்க எனக்கு முடியாது. சோதினையை அடுத்த முறை எடு. அதற்கும் அடுத்த முறை எடு. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஜெசிந்தா இப்போதும் இடைக்கிடை கோல் எடுப்பாள். அன்ரன் அரியாலையில் ஒரு கராஜில் பகல் வேலை செய்கிறானாம். இரவு ஓட்டம் இல்லை. இடையில் ஒருமுறை அவன் மறுபடியும் ஐஸைத் தொட்டுவிட, அவளே கையைப் பிடித்துக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். கடைசி ஸ்கானில், "முந்தியைவிட நல்லா இறைக்குதாம் ரீச்சர்" என்றாள். அவன் என்னைப் பற்றிக் கேட்பானா என்று நான் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன கிழமை நம் திருநெல்வேலிச் சந்தையில் அவனைக் கண்டேன். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் ஒரு முழுப் பலாப்பழம். ஜெசிந்தா பின்னால் வந்தாள். அவன் கன்னம் பழையபடி நிறைந்திருந்தது. நான் கத்தரிக்காய்க் கடைக்கு முன்னால் நின்றேன். அவன் என்னைக் கண்டான். கண்டதும் முகத்தைத் திருப்பி, மீன் பக்கத்தால் சுற்றிக்கொண்டு வேகமாக வெளியே போனான். அந்தப் பாரத்தோடு அவ்வளவு வேகமாக நடந்தும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. சந்தைச் சனத்துக்குள் அவன் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண் "என்னம்மா சிரிக்கிறியள்?" என்று கேட்டாள்.

இதை வாசித்துவிட்டு உனக்கும் கோபம் வரும். ஊர் முழுக்க என் கதையை எழுதிவிட்டாள் என்று நினைப்பாய். ஒரு கிழமை கோல் எடுக்காமல் இருப்பாய். இரு, தம்பி. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபித்துக்கொண்டு இரு. நீ கோபத்தோடு உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குக் காணும்.

அம்மா